மென்பொருள் வானொலியில் நிரல் உறைதல்

மென்பொருள் வானொலி என்பது, பழைய வானொலிப் பெட்டியில் கம்பிச்சுருளும் மின்தேக்கியும் செய்துவந்த வேலைகளைக் கணினி நிரலே செய்யும் ஏற்பாடு. ஆன்டெனாவில் விழும் அலை எண்களாக மாற்றப்படுகிறது. வேண்டிய அலைவரிசையைப் பிரிப்பது, அதிலுள்ள ஒலியையோ தகவலையோ எடுப்பது எல்லாம் கணக்கு. இத்தகைய நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அசைவற்று நின்றுவிடுவது நிரல் உறைதல் எனப்படும். பேச்சுவழக்கில் 'ஹேங்' ஆவது.

கடிதம் தட்டச்சு செய்யும் நிரல் ஒரு நிமிடம் உறைந்தால் பெரிய நட்டம் இல்லை. கடிதம் அங்கேயே இருக்கும். வானொலி அலை அப்படிக் காத்திருப்பதில்லை. பழைய பெட்டி பழுதானால் இரைச்சலாவது கேட்கும், ஆள் எழுந்து பார்ப்பார். உறைந்த நிரலோ கடைசியாகக் கிடைத்த படத்தைத் திரையில் அப்படியே வைத்திருக்கும்.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூரை அடுத்த கடற்கரையில் இதன் பொருள் எளிதில் விளங்கும். எண்ணூரின் காமராசர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் வரும் கப்பல்கள், பழவேற்காட்டு மீனவர்களின் படகுகள் தொழிலுக்குப் போகும் அதே கடலில்தான் வருகின்றன. பெரிய கப்பல்கள் தம் இருப்பிடத்தை 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் தாமாகவே அறிவிக்கின்றன. ஏஐஎஸ் எனப்படும் இம்முறையில், ஓடும் கப்பல் பொதுவாக 2 முதல் 10 நொடிக்கு ஒருமுறை செய்தி அனுப்பும். விலை மலிந்த மென்பொருள் வானொலி ஒன்றைக் கொண்டே இச்செய்திகளைப் பிடித்து வரைபடத்தில் காட்ட முடியும். நிரல் உறைந்தால் வரைபடம் அழியாது. கப்பல் நின்ற இடத்திலேயே நிற்பதாகத் தெரியும். 12 நாட் வேகத்தில் வரும் கப்பல் 10 நிமிடத்தில் ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர் கடந்திருக்கும்.

பூட்டும் முன்னுரிமையும்

உறைதலின் வரலாறு வானொலி நிரல்களுக்கு முந்தையது. ஒரே கணினியில் பல பணிகள் நடக்கும்போது, பொதுவான தரவை ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே தொடுவதற்காகப் பூட்டு என்னும் முறை வந்தது. பூட்டை வைத்திருப்பவர் விடும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். இதில் ஒரு விபரீதம் உண்டு என்பதை, ஜெராக்ஸ் நிறுவனத்தின் மெசா மொழி அனுபவம் பற்றி பட்லர் லாம்ப்சனும் டேவிட் ரெடெல்லும் 1980இல் எழுதிய கட்டுரை சுட்டிக்காட்டியது.

அந்த விபரீதத்தைப் பழவேற்காட்டு முகத்துவாரத்தை வைத்துச் சொல்லலாம். மணல் மேடிட்டு ஒரு படகு மட்டுமே நுழையக்கூடிய நிலையில் வாய் இருக்கிறது என்று கொள்வோம். அவசரமில்லாத படகு ஒன்று உள்ளே நிற்கிறது. நோயாளியோடு வரும் படகு பின்னால் காத்திருக்கிறது. முன்படகின் ஆளை, அவசரம் நடுத்தரமான வேறு வேலைகளுக்கு யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் அவர் படகை நகர்த்தப்போவதில்லை. நோயாளியும் போய்ச் சேரப்போவதில்லை. இதுவே முன்னுரிமை தலைகீழாதல்.

இதற்குத் தீர்வாக 1990இல் லுய் ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோட்ஸ்கி ஆகிய மூவர் முன்னுரிமை மரபுரிமை முறையை விரிவாக எழுதி வெளியிட்டனர். வாயில் நிற்கும் படகு வெளியேறும்வரை, பின்னால் காத்திருக்கும் படகின் அவசரத்தை அதற்கே கொடுத்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். ராஜ்குமார் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்.

செவ்வாயில் நேர்ந்தது

1997 ஜூலை 4 அன்று பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணினி தானாகவே மீண்டும் மீண்டும் தொடங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் அன்றைய எஞ்சிய வேலைகள் தடைபட்டன. பாத்ஃபைண்டர் மென்பொருள் வானொலி அன்று. ஆனால் நேரத்துக்குள் முடிக்கவேண்டிய பணிகளை அடுக்கி ஓட்டும் விதத்தில் இரண்டும் ஒரே இனம்.

வானிலைத் தரவைச் சேர்க்கும் தாழ்ந்த முன்னுரிமைப் பணி ஒரு பூட்டை வைத்திருந்தது. தகவலைப் பகிர்ந்தளிக்கும் உயர்ந்த பணி அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்தது. இடைநிலைப் பணிகள் குறுக்கே புகுந்தன. உயர்ந்த பணி உரிய நேரத்தில் முடியாததைக் கண்ட காவல் ஏற்பாடு, ஏதோ பெரும் பழுது என்று கருதிக் கணினியை மறுதொடக்கம் செய்தது. பொறியாளர்கள் பூமியில் இருந்த நகல் கணினியில் அதே கோளாறை வரவழைத்து, பணிகளின் தடப்பதிவைப் பார்த்துக் காரணத்தைக் கண்டனர். கலத்திலிருந்த விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளத்தில் முன்னுரிமை மரபுரிமை வசதி முன்பே இருந்தது. அந்தப் பூட்டில் மட்டும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதை இயக்கும் திருத்தம் செவ்வாய்க்கு அனுப்பப்பட்டது.

அவ்வாண்டு டிசம்பரில் நடந்த நிகழ்நேரக் கணினியியல் மாநாட்டில் இக்கதை சொல்லப்பட்டபோது, 1990ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்கள் மூவரும் அரங்கிலேயே இருந்தனர். அவர்கள் எழுந்து நின்று அவையோரின் பாராட்டைப் பெற்றனர். ஏட்டுக் கணக்கு என்று ஒதுக்கப்படக்கூடிய ஆய்வுக்கு இப்படி ஒரு வாய்ப்பு அரிதாகவே அமையும்.

வீட்டு மேசைக்கு வந்தது

'மென்பொருள் வானொலி' என்ற சொல்லை 1990களின் தொடக்கத்தில் ஜோசப் மிட்டோலா பரப்பினார். 2001இல் எரிக் பிளாசம் தொடங்கிய ஜிஎன்யு ரேடியோ திட்டம் அதைக் கட்டற்ற மென்பொருளாக்கியது. 2012இல், தொலைக்காட்சி பார்ப்பதற்காக விற்கப்பட்ட ரியல்டெக் சில்லுள்ள யுஎஸ்பி குச்சியைப் பொது வானொலி ஏற்பியாகப் பயன்படுத்தலாம் என்பது பரவலாகத் தெரியவந்தது. மாணவர்களுக்கு எட்டும் விலையில் கருவி கிடைத்தது. உறைதலும் கூடவே வந்தது.

இக்குச்சி நொடிக்கு 24 லட்சம் மாதிரிகள் எடுத்தால், மாதிரிக்கு 2 பைட்டாக 48 லட்சம் பைட் கணினிக்குள் பாய்கிறது. கணக்கிடும் இழை தாமதித்தால் இடையகம் நிரம்பும், மிஞ்சியது கொட்டிப்போகும். யுஎஸ்ஆர்பி கருவிகளோடு ஜிஎன்யு ரேடியோவை ஓட்டுவோர் திரையில் ஆங்கில 'ஓ' எழுத்துகள் வரிசையாக விழுவதைப் பார்த்திருப்பர். மாதிரிகள் இழக்கப்பட்டதன் அடையாளம் அது. அது உறைதல் அன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, வேகமான கணினி வாங்கினால் தீரும் என்று நினைப்பது வழக்கமான தவறு.

உண்மையான உறைதலில் மத்தியச் செயலி பெரும்பாலும் சும்மா இருக்கும், ஏனெனில் எல்லா இழைகளும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கின்றன. மாறாகச் செயலி முழு வேகத்தில் சுழன்றால், ஏதோ ஓர் இழை முடிவில்லாத சுற்றில் சிக்கியிருக்கிறது. ரியல்டெக் குச்சியில் அடிக்கடி காண்பது முதல் வகை: மாதிரிகளைப் படிக்கும் கட்டளை, நிறுத்தச் சொல்லும்வரை திரும்பி வராது. சாளரத்தை நடத்தும் இழையிலேயே அதைக் கூப்பிட்டால் 'நிறுத்து' பொத்தானை அழுத்தினாலும் கேட்க ஆளில்லை. நின்றுபோன நிரலைக் கொல்லாமல், ஜிடிபி போன்ற பிழைதிருத்தியை அதனோடு இணைத்து எல்லா இழைகளின் அழைப்பு வரிசையையும் எடுத்துப் பார்த்தால் எது எந்தப் பூட்டில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். பலர் பொறுமையிழந்து நிரலை மூடிவிடுகிறார்கள்; சான்றும் அதோடு போய்விடுகிறது.

கப்பல் வரைபடம் போன்றவற்றில் கூடுதலாக ஓர் ஏற்பாடு தேவை. ஒவ்வொரு கப்பலின் அருகிலும் கடைசிச் செய்தி வந்த நேரத்தைக் காட்டி, அது பழையதானால் குறியை மங்கச் செய்வது. நேரத்தைக் கணக்கிடும் பகுதி, மாதிரிகளைப் படிக்கும் இழையிலிருந்து தனியாக ஓட வேண்டும். சேர்ந்தே ஓடினால் இரண்டும் சேர்ந்தே நின்றுவிடும்.