பிரிதலும் பிரித்தலும்

தன்வினை, பிறவினை பாடம் நடத்தும்போது 'பிரிந்தான்', 'பிரித்தான்' என்ற இரு சொற்களையும் எடுத்துக்காட்டாகத் தருவதுண்டு. இலக்கணத்தில் ஓரெழுத்து வேறுபாடு. வாழ்விலோ இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. வளர்ந்த பிள்ளை வீட்டை விட்டுப் பிரிகிறது. சிறுகுழந்தை வீட்டிலிருந்து பிரிக்கப்படுகிறது. முன்னது வளர்ச்சியின் இயல்பு. பின்னது ஆறாத காயமாகிவிடக் கூடும். இந்த எளிய வேறுபாட்டை மருத்துவ உலகமும் அரசுகளும் உணர்ந்துகொண்ட வரலாறு அத்தனை எளிதாக இருக்கவில்லை. அதன் முக்கியமான பகுதி இங்கிலாந்தில், இரண்டாம் உலகப்போரை ஒட்டி நிகழ்ந்தது.

அவ்வரலாற்றின் நடுவில் நிற்பவர் ஜான் பவுல்பி. 1907இல் இலண்டனில், புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அக்கால மேல்தட்டு வழக்கப்படி, மாலைத் தேநீருக்குப் பின் ஏறத்தாழ ஒரு மணி நேரமே தாயைப் பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் தாதிப்பெண்ணின் மடிதான். நம் அகமரபில் நற்றாய், செவிலி என இரு தாயர் உண்டு; மகளைப் பிரிந்து புலம்பும் உரிமை செவிலிக்கும் உண்டு. ஆங்கிலேய வீட்டின் செவிலியோ சம்பளத்துக்கு வந்தவர். சிறுவனுக்கு நான்கு வயது நிரம்பும் முன்பே அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அது தாயை இழந்ததற்கு ஒப்பான துயரம் என்று பவுல்பி பிற்காலத்தில் குறிப்பிட்டிருக்கிறார்.

வளரிளம்பருவத்தைப் புயலும் கொந்தளிப்பும் நிறைந்த பருவமாக அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஹால் 1904இலேயே வரைந்துகாட்டியிருந்தார். பவுல்பி அந்தப் புயலின் மூலத்தைத் தொட்டிலுக்கு அருகே தேடினார். 1930களின் பிற்பகுதியில் இலண்டனில் சிறார் மனநல மருத்துவராக இருந்தபோது, திருட்டுப் பழக்கம் கொண்ட 44 சிறார்களின் வாழ்க்கையை ஆராய்ந்தார். அவர்களுள் 14 பேர் எவரிடமும் பற்று வைக்காதவர்கள். அந்த 14 பேரில் 12 பேர் மிக இளம் வயதில் தம்மை வளர்த்தவரிடமிருந்து நெடுநாள் பிரிக்கப்பட்டிருந்தனர். 1944இல் வெளியான இவ்வாய்வில் எண்ணிக்கை சிறியது, மதிப்பிட்டவரும் அவரே. ஆகவே இதை முடிந்த முடிபாகக் கொள்ள இயலாது. ஆயினும் கேள்வி எழுந்துவிட்டது.

அக்கேள்விக்கு விடை தேடும் களத்தைப் போரே அமைத்துத் தந்தது. 1939 செப்டம்பர் 1 அன்று பிரிட்டிஷ் அரசு, குண்டுவீச்சுக்கு அஞ்சி, நகரக் குழந்தைகளை நாட்டுப்புறத்துக்கு அனுப்பத் தொடங்கியது. மூன்று நாள்களில் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் இடம்பெயர்க்கப்பட்டனர். பாதிக்கு மேற்பட்டோர் பெற்றோரின்றிச் சென்ற பள்ளிச் சிறார். சட்டையில் பெயர்ச்சீட்டு, தோளில் நச்சுவாயு முகமூடிப் பெட்டி. பிள்ளைகளை ஊர்ப் பொதுமண்டபத்தில் நிறுத்திவைத்து, வந்தவர்கள் தமக்குப் பிடித்த பிள்ளையைப் பொறுக்கி அழைத்துச் சென்ற ஊர்களும் இருந்தன. உயிரைக் காக்கும் நல்நோக்கம்தான். ஆனால் அந்த டிசம்பரிலேயே பவுல்பி, டொனால்ட் வினிகாட், இமானுவேல் மில்லர் ஆகிய மூவரும் பிரிட்டிஷ் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதி எச்சரித்தனர்: இரண்டு முதல் ஐந்து வயதுள்ள குழந்தைகளைத் தாயின்றி அனுப்புவது பெருந்தீங்கு விளைவிக்கும்.

இலண்டனில் போர்க்காலக் குழந்தைகள் காப்பகத்தை நடத்திய அன்னா பிராய்டும் இதையே கண்டார். குண்டுகளுக்கு நடுவே தாயின் அருகில் இருந்த குழந்தையைவிட, பாதுகாப்பான இடத்தில் தாயின்றி இருந்த குழந்தையே அதிகம் குலைந்துபோயிற்று. அந்தக் காப்பகத்தில் கொதிகலனைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1948இல் அவர் பவுல்பியுடன் இணைந்து, மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட குழந்தைகளைக் கவனிக்கலானார். பெற்றோர் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே வரலாம் என்ற விதி அன்று பல மருத்துவமனைகளில் இருந்தது. பெற்றோர் வந்து போனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் அமைதியாகிவிடுகிறது. ஆகவே வராமலிருப்பதே நல்லது என்று மருத்துவர்கள் உறுதியாக நம்பினர்.

ராபர்ட்சன் அந்த அமைதியைச் சந்தேகித்தார். முதலில் எதிர்ப்பு, பிறகு நம்பிக்கையிழப்பு, இறுதியில் பற்றறுத்தல். தேறிவிட்டது என்று மருத்துவமனை பதிவுசெய்த குழந்தை உண்மையில் மூன்றாம் நிலைக்குப் போயிருந்தது. இதை மெய்ப்பிக்க, சிறு அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள்கள் மருத்துவமனையில் இருந்த இரண்டரை வயதுக்குட்பட்ட சிறுமி ஒருத்தியைப் படம்பிடித்தார். 1952இல் அரச மருத்துவக் கழகத்தில் அப்படம் திரையிடப்பட்டபோது அவையில் சினம் பொங்கியது. தம் தொழிலை இழிவுபடுத்திவிட்டார் என்று மருத்துவர்கள் குற்றம் சாட்டினர். ஆயினும் 1959இல் வெளியான பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்துபோகவும் சிறுகுழந்தையுடன் தாய் தங்கவும் வழிசெய்ய வேண்டும் எனப் பரிந்துரைத்தது. செவிலி என்ற சொல் நம் மொழியில் வளர்ப்புத்தாயிலிருந்து மருத்துவப் பணியாளருக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. அந்தப் பழைய பொருளைத்தான் மருத்துவமனை மறந்திருந்தது.

நாட்டுப்புறம் போன பிள்ளைகள் என்ன ஆனார்கள்? பலர் சில மாதங்களிலேயே திரும்பினர். போர் முடியும்வரை அங்கேயே இருந்தவர்களும் உண்டு. 1939இல் ஒன்பது வயதில் போன பிள்ளை 1945இல் பதினைந்து வயதில் திரும்பியது. பள்ளியை விட்டு வேலைக்குச் செல்லும் வயது அன்று 14. அது 15 ஆக உயர்ந்தது 1947இல்தான். ஆக, வீடு திரும்பிய பிள்ளை நேரே சம்பாதிக்கப் புறப்பட வேண்டியிருந்தது. பேச்சின் சாயல் மாறியிருந்தது. பெற்றோர் அயலாராகத் தெரிந்தனர். வளர்ப்பு வீட்டில் அன்பைக் கண்டவர்க்குத் திரும்பிவருதலே இரண்டாம் பிரிவாயிற்று. வீட்டை விட்டுப் பிரிய வேண்டிய பருவத்தில், பிரிவதற்கு முதலில் ஒரு வீடு வேண்டியிருந்தது.

எந்த வீட்டிலும் நிலைகொள்ளாத சிறார்களுக்கான விடுதிகளில் ஆலோசகராக இருந்தார் வினிகாட். அந்த அனுபவத்தின் வழியே, 1956இல் அவர் ஒரு வியப்பான கருத்தை முன்வைத்தார். திருடும் பிள்ளை, தனக்குரியதாக இருந்து பறிபோன ஒன்றைத் தேடுகிறது. அந்தச் செயலில் நம்பிக்கையின் கீற்று இருக்கிறது. பெரியவர் அதைப் புரிந்துகொண்டால் மீட்க வழி உண்டு.

பவுல்பியின் கருத்துகள் எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டன எனக் கருத வேண்டாம். வேலைக்குப் போகும் தாய்மார்மீது குற்றவுணர்வைச் சுமத்த அவை பயன்பட்டன என்ற பெண்ணியரின் கண்டனம் நியாயமானது. 1972இல் அக்கருத்துகளை மறு ஆய்வு செய்து நூல் எழுதிய மைக்கேல் ரட்டர், ஏழு வயதில் தங்கையுடன் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு 1944இல் திரும்பியவர். எல்லாப் பிரிவும் ஒரே விளைவைத் தருவதில்லை, குழந்தையின் பற்று தாய் ஒருவரோடு நின்றுவிடுவதுமில்லை என்பதை அவர் நிறுவினார். பிற்காலத்தில், ருமேனியக் காப்பகங்களிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்து வந்த குழந்தைகளை அவருடைய குழு வளரிளம்பருவம் கடந்தும் தொடர்ந்து கவனித்தது. ஆறு மாதங்களுக்குள் மீட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் தேறினர். அதற்குப் பிந்தியவர்களில் பலருக்குப் பாதிப்பு நீடித்தது. அவர்களுள்ளும் தேறியவர்கள் இருந்தனர்.

பற்று வளர்ச்சிக்குத் தடையா என்ற ஐயத்தைத் தெளிவித்தவர் மேரி எயின்ஸ்வர்த். 1954இல் உகாண்டா சென்று, கிராமத்துத் தாய்மாரையும் குழந்தைகளையும் மாதக்கணக்கில் கவனித்தார். தாய் இருக்கிறாள் என்ற உறுதி உள்ள குழந்தையே தவழ்ந்து வெகுதூரம் போகிறது. திரும்பிப் பார்த்துக்கொண்டு மேலும் போகிறது. ஒட்டிக்கொண்டு விடாமல் அழுவது அந்த உறுதி இல்லாத குழந்தைதான். பதின்வயதுக்கும் இது பொருந்தும். கதவைச் சாத்திக்கொள்ளும் மகனும், எதிர்த்துப் பேசும் மகளும், திறந்து வரும்போது நாம் அங்கே இருப்போம் என்ற துணிவில்தான் பெரும்பாலும் அவற்றைச் செய்கிறார்கள்.

ஆசிரியர்களாகிய நாங்கள் வகுப்பில் அடங்கியிருக்கும் பிள்ளையை 'நல்ல பிள்ளை' என்கிறோம். சிறு வயதிலேயே விடுதியில் விடப்பட்டு வளர்ந்த மாணவர் எவரேனும் எதற்கும் அழாமல், எதையும் கேட்காமல் இருந்தால், பக்குவப்பட்டவர் என்று நானே பாராட்டியிருக்கிறேன். ராபர்ட்சனின் படத்தைப் பற்றி அறிந்த பிறகு அந்தப் பாராட்டு நாவில் தயங்குகிறது. அந்த மாணவர் பிரிந்து வந்தவரா, பிரிக்கப்பட்டு வந்தவரா என்று முதலில் கேட்டறிய வேண்டும் எனத் தோன்றுகிறது.