முதலில் குடிப்பவர் யார்? கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கர்த்தருடைய பந்தியைப் பார்த்தல்

திருவிருந்துக்கு முந்தின ஞாயிறன்றே அறிவிப்பு வந்துவிடும். அடுத்த வாரம் கர்த்தருடைய பந்தி, அவரவர் தம்மைச் சோதித்தறிந்து ஆயத்தத்தோடு வாருங்கள் என்று. பல சேகரங்களில் சனிக்கிழமை மாலை ஆயத்த ஆராதனையும் உண்டு. சபை மக்கள் இதை அக்கறையோடு எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டில் சண்டை நடந்திருந்தால், மனதில் யார் மீதாவது கசப்பு இருந்தால், "இன்னைக்கு நான் இராப்போஜனம் எடுக்கல" என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. அந்தத் தயக்கத்தில் இருக்கும் பயபக்தியைக் குறைத்துப் பேச இக்கட்டுரை முனையவில்லை. ஆனால் பந்திக்குரிய மனநிலை முழுவதையும் தனிமனிதரின் உள்ளத்துக்குள்ளே தேடும் வழக்கம், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தைப் பாதிதான் வாசித்திருக்கிறது. அவருடைய கண்டனம் பந்தியின் ஒழுங்கைப் பற்றியது: யார் முதலில் உண்டார், யாருக்கு மிச்சமில்லாமல் போயிற்று, யார் வெட்கப்பட்டு நின்றார். தமிழ்நாட்டுத் திருச்சபையின் நானூறு ஆண்டு வழக்குகளும் கிட்டத்தட்ட இதே கேள்விகளைச் சுற்றியவைதான்.

கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் மறுபடி குடியேற்றிய நகரம் கொரிந்து. பவுல் எழுதிய கி.பி. ஐம்பதுகளில் அது புதுப்பணக்காரரும் அடிமைகளும் விடுதலை பெற்ற அடிமைகளும் கலந்து வாழ்ந்த துறைமுகப் பட்டணம். சபை கூடியது வசதியுள்ள ஒருவரின் வீட்டில். அவ்வகை வீடுகளின் உணவறையில் சாய்ந்து உண்ண ஏறத்தாழ ஒன்பது பேருக்கே இடமிருக்கும் என்றும், மற்றவர்கள் முற்றத்தில் நின்றிருக்க வேண்டும் என்றும் ஜெரோம் மர்ஃபி ஓ'கானர் கருதினார். கெர்ட் தைசன் 1970களில் இதைச் சமூகவியல் நோக்கில் விரித்தார். நேரம் கைவசமுள்ளவர்கள் முன்னதாக வந்து நல்ல உணவை உண்டு முடித்தார்கள். நாள் முழுவதும் பிறருக்கு உழைத்துவிட்டு வந்தவர்கள் பசியோடு நின்றார்கள். ரோமப் பிரபு இளைய பிளைனி ஒரு கடிதத்தில், தனக்கும் நெருங்கியவர்களுக்கும் ஒரு தரம், எளிய நண்பர்களுக்கு வேறொரு தரம், விடுதலை பெற்ற அடிமைகளுக்கு மூன்றாம் தரம் என ஒரே விருந்தில் மூன்று தரத்தில் மது பரிமாறிய ஒருவரைச் சாடுகிறார். அக்காலத்து விருந்து வழக்கம் அப்படி. கொரிந்து சபையார் ஊர் வழக்கத்தை அப்படியே பந்திக்குள் கொண்டுவந்தார்கள். அவர்கள் புதிதாக எந்தக் குற்றமும் கண்டுபிடித்துவிடவில்லை. அதனால்தான் பவுலின் தீர்வும் எளிய நடைமுறையாக இருக்கிறது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.

தேவாரம் என்ற ஊரில் இருந்து வாசித்தால் இந்தப் பகுதிக்கு விளக்கவுரை தேவைப்படாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் இருக்கும் இவ்வூரிலிருந்தும் போடி, கோம்பை, கம்பம் பக்கங்களிலிருந்தும் கூலியாட்கள் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மெட்டுப் பாதைகள் வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். ஏலக்காய் பறிப்பு உச்சமாக இருக்கும் மாதங்கள் ஆகஸ்டு முதல் ஆண்டு இறுதியைத் தாண்டியும் நீள்கின்றன. அறுப்பின் பண்டிகை, ஆகமன காலம், கிறிஸ்துமஸ் எல்லாம் அதற்குள்தான் வருகின்றன. அந்த மாதங்களில் வார நாள் மாலை ஐந்து மணிக்கு ஒரு சபை திருவிருந்து வைத்தால், யார் வருவார், யார் வர முடியாது என்பதைப் பட்டியல் போடாமலே சொல்லிவிடலாம். யாரையும் விலக்க வேண்டும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். கொரிந்திலும் அப்படி யாரும் நினைத்திருக்க வேண்டியதில்லை.

நேரத்தைவிட ஆழமான வழக்கு பாத்திரத்தைப் பற்றியது. தென் மாவட்டங்களின் தேநீர்க் கடைகளில் இரட்டைத் தம்ளர் வழக்கம் எவ்வளவு காலம் நீடித்தது என்பதை இங்குள்ளவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 1989 செப்டம்பரில் போடியில் மூண்ட சாதிக் கலவரத்தின் நினைவும் இன்னும் மங்கவில்லை. உதட்டுக்கு உதடு மாறும் ஒரே பாத்திரம் இந்த மண்ணில் சாதாரண அடையாளமாக இருக்கவே முடியாது. கோயிலுக்கு வெளியே ஊர் எதை நடக்க விடாதோ அதை ஒரு மணிநேரம் உள்ளே நடத்திக் காட்டுவது அது. இவ்வழக்கின் சூட்டை உணர்ந்த சபைகள் வெவ்வேறு வழிகளில் தப்பித்துக்கொண்டன.

கத்தோலிக்க மதுரை மிஷன் முதலில் கண்ட வழி குருக்களையே பிரிப்பது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி பிராமண சந்நியாசிக் கோலம் பூண்டார். 1640 முதல் பண்டாரசாமிகள் என்ற தனி வகைக் குருக்கள் மற்றச் சாதியாரிடம் போனார்கள். 1703இல் வந்த போப்பின் தூதர் தூர்னோன், அடுத்த ஆண்டு நோயுற்ற பறையர் வீடுகளுக்கே போய் அருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்று கட்டளையிட்டபோது சேசு சபையார் திகைத்தார்கள். நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பின், 1744இல் பதினான்காம் பெனடிக்ட் இசைந்த ஏற்பாடு, ஒடுக்கப்பட்டோருக்கெனத் தனி மிஷனரிகளை அமர்த்துவது. பந்தி எல்லாருக்கும் கிடைத்தது. ஆனால் அதே கைகளிலிருந்து கிடைக்கவில்லை.

சீர்திருத்தச் சபையார் ஒரே கூரையை வைத்துக்கொண்டு உட்காரும் இடத்தைப் பிரித்தார்கள். 1718இல் தரங்கம்பாடியில் எழுந்த புது எருசலேம் ஆலயத்திலும் சாதியார் தனித்தனியே அமர்ந்தனர். பாத்திரத்தில் வேளாளர் முந்தினர். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையை முற்றிலும் உடனடியாகக் கைவிடச் சொல்லிச் சுற்றறிக்கை விடுத்ததும் வேப்பேரியில் நூற்றுக்கணக்கானோர் சபையைவிட்டு வெளியேறினர். தஞ்சையில் எதிர்ப்பு அதற்கு முன்பே எழுந்திருந்தது. வேதநாயக சாஸ்திரியார் 1829இல் எழுதிய மறுப்பில் புதிய மிஷனரிகள் மீது அடுக்கப்பட்ட குற்றங்கள் கவனிக்கத்தக்கவை: வேதாகமத் தமிழை மாற்றினார்கள், சாதியைக் கலந்தார்கள், பண்டிகைகளில் பூவைத் தடுத்தார்கள், தமிழ்க் கீர்த்தனைகளை ஒதுக்கினார்கள். இவற்றில் மூன்று நியாயமான புகார்கள் என்றே இன்றைய வாசகர் சொல்வார். சாதிக் கலப்பு என்ற எஞ்சிய புகாரை அவற்றோடு ஒரே கட்டாகக் கட்டியதில்தான் சிக்கல் இருக்கிறது. பூவும் பாட்டும் போல உட்காரும் வரிசையும் தமிழர் மரபு என்று வாதிட முடிந்தது. பண்பாட்டை மதிக்கத் தெரியாத மிஷனரி, சாதியைக் காப்பவர்கள் கையில் தாமே ஓர் ஆயுதத்தைக் கொடுத்துவிட்டார். அந்த ஆயுதம் இன்னும் மழுங்கவில்லை என்பது வேறு கதை.

கம்பம் பள்ளத்தாக்குக்கு நேரடி முன்னோர் வேறு. 1834இல் தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷனின் பெரியகுளம் நிலையத்தோடு சேர்ந்து வளர்ந்தவை இப்பகுதிச் சபைகள். அந்த மிஷன் 1847இல் மற்றவர்கள் தயங்கிய இடத்தில் துணிந்தது. சாதியை விட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது. எந்தச் சாதியார் சமைத்ததையும் உடனிருந்து உண்டு காட்ட வேண்டும் என்று தன் ஊழியரிடம் கேட்டது. மறுத்த உபதேசியார்கள் பலர் வெளியேறினார்கள். 1850இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடும் ஏறக்குறைய அதே அளவுகோலை ஏற்றது. தரங்கம்பாடி மரபின் வாரிசான லைப்சிக் மிஷன் மட்டும், கார்ல் கிரவுலின் வழிகாட்டலில், சாதியை ஒரு சமூக ஏற்பாடாகப் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. அதிருப்தியாளர் பலருக்கு அது புகலிடமும் ஆயிற்று.

மதுரை மிஷன் நோயைச் சரியாகக் கண்டது என்பது என் கருத்து. உணவில்தான் சாதி உயிரோடு இருக்கிறது என்று அது புரிந்துகொண்டது. ஆனால் கையாண்ட கருவி பழுதானது. சோதிக்கப்பட்டவர்கள் சம்பளம் வாங்கும் ஊழியர்கள். சோதித்தவர்கள் சம்பளம் கொடுக்கும் வெள்ளைக்காரர்கள். அந்த மிஷனரிகள் தங்கள் பங்களாவில் யாரோடு உண்டார்கள் என்று திருப்பிக் கேட்கும் உரிமை உபதேசியாருக்கு இல்லை. ஒருநாள் உண்டு காட்டியவர் மறுநாள் தன் தெருவுக்குத் திரும்பிப் பழையபடி வாழவும் முடியும். பந்தியை நுழைவுத் தேர்வாக்கினால் தேர்ச்சி பெறுவதோடு காரியம் முடிந்துவிடுகிறது.

இதற்கு மாற்றான வழி ஒரு நூற்றாண்டு கழித்து, யாரும் அதிகம் கவனிக்காமல், மதுரையிலேயே பிறந்தது. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய ஊழியர்கள் சபை ஐக்கியத்துக்கு அழைப்பு விடுத்தார்கள். 1947 செப்டம்பர் 27இல் சென்னையில் தென்னிந்திய திருச்சபை உருவாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளின் விவாதம் பெரும்பாலும் பேராயர் பதவியையும், யார் கை வைத்து அபிஷேகம் செய்தால் குருத்துவம் செல்லும் என்பதையும் சுற்றியே ஓடியது. அப்பத்தை எடுத்துக் கொடுக்கும் கை யாருடையது என்பதில் காட்டிய நுணுக்கத்தை, வாங்கும் கைகளின் வரிசையில் காட்டியிருந்தால் வரலாறு வேறாக இருந்திருக்கும். ஆனாலும் 1950இல் மதுரையில் கூடிய சினாடில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்ட புதிய திருவிருந்து ஒழுங்கில் ஒன்று நுழைந்தது. கேரளச் சிரியன் சபைகளின் மரபிலிருந்து எடுத்த 'சமாதானம் கொடுத்தல்' அது. காணிக்கைக்கு முன், பீடத்திலிருந்து புறப்பட்டு, ஒருவர் உள்ளங்கையோடு மற்றவர் உள்ளங்கை சேர்ந்து, இடக்கையால் பொதிந்து, வரிசை வரிசையாகச் சபையின் கடைசி ஆள்வரை அது போகும். மேற்கத்திய சீர்திருத்தச் சபைகள் நூற்றாண்டுகளாக மறந்திருந்த இச்செயலை அவை மீண்டும் கைக்கொள்ள இந்த ஒழுங்கும் ஒரு தூண்டுதலாயிற்று.

1847இன் கட்டளை செய்ய முயன்றதையே இது செய்கிறது. ஆனால் சம்பளப் பேரேட்டின் பக்கத்தில் வைத்துச் செய்யவில்லை. பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவரைத் தொட வேண்டும். ஆயரும் தொட வேண்டும். ஒருநாளோடு முடியாமல் ஒவ்வொரு பந்தியிலும் திரும்ப வரும். பலிபீடத்தண்டை காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் மத்தேயுவின் கட்டளை, உள்ளத்து ஆராய்ச்சியாக நிற்காமல் கைக்கு வருகிறது.

சடங்கு எப்படிச் சமூகத்தை மாற்றும் என்ற மறுப்பு வலுவானது. வடக்கன்குளத்தில் சாதியாரைப் பிரித்த ஆலயச் சுவரை 1910 வாக்கில் இடித்தவர்கள் குருக்கள். வழக்குத் தொடுத்து அதைத் திரும்ப எழுப்பப் பார்த்தவர்கள் அங்கே நற்கருணை வாங்கி வந்த விசுவாசிகள். சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை. 2008 மார்ச்சில் அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டபோது மூண்ட மோதல் துப்பாக்கிச் சூட்டிலும் இரண்டு உயிரிழப்பிலும் முடிந்தது. அந்த மக்களும் ஒரே அப்பத்தை உண்டவர்கள்தாம். பெண் கொடுப்பதும் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுப்பதும் பந்திக்கு வெளியே நடக்கின்றன. பந்தி அவற்றைத் தானாக மாற்றிவிடாது. இதை நான் முழுதும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதிலிருந்து பந்தி வேறு, சமூகம் வேறு என்ற முடிவுக்குத் தாவினால், எறையூரில் கேட்கப்பட்ட கேள்வியையே இழந்துவிடுவோம். ஒரே கிறிஸ்துவின் உடல் என்று அப்பத்தைக் கையில் வாங்கியவரால்தான் அந்தக் கேள்வியை அத்தனை அழுத்தமாகக் கேட்க முடிந்தது. சடங்கு சாதியை ஒழிக்காமல் போகலாம். சாதிக்குச் சபைக்குள் அமைதியாக உட்கார இடமில்லாமல் செய்கிறது.

ஆகவே இன்றைய சேகரக் கமிட்டிகளின் முன் இருப்பவை சிறிய, சலிப்பூட்டும் கேள்விகள். பீடக் கிராதிக்கு முதல் வரிசையில் எழும்புகிறவர்கள் எப்போதும் அதே குடும்பங்களா? காய் பறிப்பு மாதங்களில் அறுப்பின் பண்டிகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் இடைப்பட்ட திருவிருந்துகள் எந்த நேரத்தில், எந்தத் தெருவில்? கொரோனாவுக்குப் பின் பல சபைகளில் கைப்பிடிப்பு மறைந்து கும்பிடு வந்துவிட்டது. ஒரே பாத்திரத்தின் இடத்தில் ஆளுக்கொரு சின்னக் கிண்ணமும் வந்திருக்கிறது. தனிக் கிண்ணம் 1890களில் அமெரிக்காவில் சுகாதாரக் காரணத்துக்காகப் பரவியது. அங்கே அதில் ஒளிந்திருக்க வேறொன்றும் இல்லாமல் இருந்திருக்கலாம். இரட்டைத் தம்ளரைப் பார்த்த ஊரில் அதே கிண்ணத்தை அதே வெகுளித்தனத்தோடு ஏற்க முடியாது. தொற்றுக்கு அஞ்சி ஒரே பாத்திரத்தைவிட்ட சபை, தொற்று தணிந்த பின்னும் ஏன் அதற்குத் திரும்பவில்லை என்று தன் கமிட்டிக் கூட்டத்தில் விவாதித்து, காரணத்தை மினிட் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும்.