கை தெரியலையே மிஸ்!

2020 லாக்டவுன் சமயத்துல என் தங்கச்சி ஏழாம் வகுப்பு. வாட்ஸ்அப்ல வர்ற கணக்கு வீடியோவுல மிஸ்ஸோட முகம் மட்டும்தான் தெரியும். "இதை அந்தப் பக்கம் கொண்டு போனா..."ன்னு சொல்லுவாங்க. எதை? எந்தப் பக்கம்? காட்டுற கை ஃப்ரேமுக்கு வெளியே. வகுப்புல அதே மிஸ் நடத்தினா டக்குனு புரிஞ்சுக்கிற பொண்ணு, வீட்ல போனை வெச்சுக்கிட்டு அழுதா. "கவனிச்சாத்தானே புரியும்"னு நானும் திட்டினேன்.

அந்தக் கை எப்போ காணாமப் போச்சு? ஒரு முக்கியமான கட்டம் 2006. அமெரிக்காவுல சல்மான் கான் (நடிகர் இல்லைங்க, கான் அகாடமி நிறுவனர்) தன் சொந்தக்காரப் பிள்ளைங்களுக்காக யூடியூபில் பாடம் போட ஆரம்பித்தார். கறுப்புத் திரை, கலர் கோடு, குரல். முகமும் இல்லை, கையும் இல்லை. ஆனா நகர்ற அந்தக் கோடே விரல் மாதிரி வேலை செஞ்சது. எங்க பார்க்கணும்னு அது காட்டிக் கொடுத்தது.

சரி, நிஜக் கை தெரிஞ்சா என்ன வித்தியாசம்? சூசன் குக் என்ற உளவியலாளரும் அவரது குழுவும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. 2 + 4 + 3 = __ + 3 மாதிரியான கணக்குகள். நிறைய குழந்தைங்க எல்லாத்தையும் கூட்டி 12-ன்னு எழுதிடுவாங்க. சரியான விடை 6. சிலருக்குக் காட்டிய வீடியோவில், "இந்தப் பக்கம்" என்னும்போது ஆசிரியர் ஒரு கையை இடப்பக்கம் காட்டுவார். "அந்தப் பக்கம்" என்னும்போது இன்னொரு கையை வலப்பக்கம். மற்றவர்களுக்கு வெறும் பேச்சு. கையைப் பார்த்தவங்கதான் நல்லா போட்டாங்க. ஒரு நாள் கழிச்சு வெச்ச டெஸ்ட்லயும் அவங்கதான் முன்னாடி.

கிட்டத்தட்ட அதே சமயத்துல, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பேராசிரியர் மைக்கேல் பெஷ்கின் 'லைட்போர்டு' செய்தார். ஓரங்களில் எல்.இ.டி. விளக்கு வெச்ச கண்ணாடிப் பலகை. ஆசிரியர் அதுக்குப் பின்னால நின்னு, நம்மைப் பார்த்தபடியே எழுதலாம். வீடியோவை இடவலமா திருப்பினா எழுத்து நேராகிடும். வலது கைக்காரர் இடது கைக்காரராத் தெரிவார், அவ்வளவுதான். முகம், எழுத்து, கை மூணும் ஒரே ஃப்ரேமுக்குள்ள!

எல்லா வீட்லயும் கண்ணாடிப் பலகைக்கு எங்க போறது? மிஸ் போனை ரெண்டடி தள்ளி வெச்சிருந்தாலே கை தெரிஞ்சிருக்கும். அதைச் சொல்ல எனக்கு அன்னைக்குத் தோணலை. தங்கச்சியைத் திட்ட மட்டும் தெரிஞ்சது.