வண்ணச் சீனிக்குப் பின்னால் ஒரு வரலாறு



இன்று பல இல்லங்களில் பிள்ளைகளின் பிறந்தநாள் அணிச்சலைத் தாய்மார்களே செய்கின்றனர். மகிழுந்து, பொம்மை, பந்து எனப் பல வடிவங்களில் கேக்கை வெட்டி, அதன்மேல் ஃபாண்டன்ட் எனப்படும் சீனி மாவைத் தகடாகத் தேய்த்துப் போர்த்துகின்றனர். அந்த மாவுக்கு நிறமூட்டும் பசை சிறு குப்பிகளில் கடைகளில் கிடைக்கிறது. அந்தக் குப்பியை அச்சமின்றித் திறக்கும் நிலை எப்படி வந்தது? அதற்கு நானூறு ஆண்டுக் கதை ஒன்று உண்டு.

மலர்களிலிருந்து வந்த நிறம்

'ஃபாண்டன்ட்' என்பது உருகுதல் எனும் பொருளுடைய பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்த சொல். ஆனால் தகடாகத் தேய்க்கப்படும் சீனி மாவு அச்சொல்லினும் பழமையானது. இங்கிலாந்தில் சர் ஹியூ பிளாட் 1602ஆம் ஆண்டு வெளியிட்ட இல்லத்தரசியருக்கான நூலிலேயே பிசினையும் பொடித்த சீனியையும் பிசைந்து அச்சில் வார்க்கும் முறை இடம்பெற்றுள்ளது. மலர்களைச் சீனியுடன் இடித்து நிறமும் மணமும் ஏற்றும் முறையும் அதில் உண்டு. அக்காலத்தில் சீனி செல்வர்களின் பொருள். குங்குமப்பூவும் கீரைச் சாறும் அவர்களின் சமையலறை வண்ணங்கள்.

நஞ்சே நிறமான காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனி மலிந்தது. ஏழைச் சிறுவனும் ஒரு காசுக்கு மிட்டாய் வாங்க முடிந்தது. மலர்ச் சாறு விரைவில் மங்கிவிடும். கனிம நிறங்களோ மங்குவதில்லை, விலையும் குறைவு. எனவே சுவருக்குப் பூசும் வண்ணங்கள் மிட்டாய்க்குள் நுழைந்தன. சிவப்புக்கு ஈயமும் பாதரசமும், மஞ்சளுக்கு ஈயக் குரோமேட்டு, பச்சைக்குச் செம்பும் ஆர்சனிக்கும் பயன்பட்டன. கண்ணைப் பறிக்கும் நிறத்தை முதலில் நாடுபவர்கள் குழந்தைகளே என்பதுதான் இதன் கொடுமை.

இதை முதலில் உரக்கச் சொன்னவர் இலண்டனில் வாழ்ந்த ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரடெரிக் அக்கம். உணவுக் கலப்படம் பற்றிய அவரது நூல் 1820இல் வெளிவந்தது. அடுத்து, 1831இல், வில்லியம் புரூக் ஓ'ஷானஸி என்னும் இளம் மருத்துவர் இலண்டன் மிட்டாய்களைச் சோதித்து, அவற்றிலிருந்த ஈயம், பாதரசம், செம்பு ஆகியவற்றை 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிப்படுத்தினார். பின்னாளில் இந்தியாவில் தந்தித் தொடர்பை நிறுவியவரும் இவரே. 1851 முதல் ஆர்தர் ஹில் ஹாசல் உணவுப் பொருள்களை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, விற்ற கடைகளின் பெயர்களோடும் முகவரிகளோடும் முடிவுகளை அதே இதழில் வெளியிட்டார்.

இருப்பினும் சட்டம் அசையவில்லை. 1858இல் பிராட்ஃபர்டு நகரில் ஒரு பேரிடர் நிகழ்ந்தது. சீனியின் செலவைக் குறைக்க மிட்டாயில் சுண்ணச்சாந்துத் தூள் கலப்பது அங்கே வழக்கம். அந்தத் தூளுக்குப் பதிலாகத் தவறுதலாக வெள்ளை ஆர்சனிக் கலந்துவிட்டது. ஏறத்தாழ 20 பேர் இறந்தனர்; 200க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அதன் பின்னரே, 1860இல், கலப்படத் தடைச் சட்டம் வந்தது. அதுவும் வலுவற்றதாக இருந்தமையால் 1875இல் வேறொரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

கரித்தாரில் பிறந்த வண்ணங்கள்

1856இல் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது மாணவர் மலேரியாவுக்கான குயினைன் மருந்தைச் செயற்கையாக உருவாக்க முயன்றார். மருந்து கிடைக்கவில்லை, ஊதாச் சாயம் கிடைத்தது. அதைத் தொடர்ந்து கரித்தாரிலிருந்து நூற்றுக்கணக்கான சாயங்கள் பிறந்தன, உணவிலும் கலந்தன. 1906இல் அமெரிக்கா தூய உணவுச் சட்டத்தை இயற்றியது. மறு ஆண்டு ஏழு செயற்கை நிறங்களுக்கு மட்டுமே இசைவளித்தது.

அந்த ஏழும் நிலைத்தனவா? இல்லை. ஏழில் ஒன்றான ஒரு செம்மஞ்சள் நிறம் கலந்த இனிப்பை உண்டு 1950இல் பல குழந்தைகள் நோயுற்றனர். 1956இல் அது நீக்கப்பட்டது. மற்றொன்றான எரித்ரோசின் சிவப்பு, ஆண் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால், 2025 ஜனவரியில் இசைவை இழந்தது. அதை உணவிலிருந்து அகற்ற நிறுவனங்களுக்கு 2027 ஜனவரி வரை கெடு தரப்பட்டது. வெள்ளை ஃபாண்டன்டைப் பளிச்செனக் காட்டும் டைட்டானியம் டை ஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் உணவில் தடை செய்தது. ஆறு வகைச் செயற்கை நிறங்கள் கலந்த உணவுகள், குழந்தைகளின் கவனத்தைப் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கையோடு விற்கப்பட வேண்டும் என்ற விதியும் 2010 முதல் அங்கு நடப்பில் உள்ளது.

நம் சமையலறையில்

இசைவு பெற்ற நிறங்களின் பட்டியல் முடிந்துபோன ஒன்றன்று என்பதே இவ்வரலாறு நமக்குத் தரும் பாடம். ஆகவே, குப்பியின் பின்புறத்தில் உள்ள எண்களையும் பெயர்களையும் படித்த பிறகே வாங்குவோம்.

நீர்த்த சாயம் மாவைப் பிசுபிசுக்கச் செய்யும்; பசை வடிவ நிறமே ஏற்றது. அதைப் பல்குத்தும் குச்சியின் நுனியால் சிறிது சிறிதாகத் தொட்டுப் பிசைய வேண்டும். சில மணி நேரத்தில் நிறம் தானே அழுத்தமாகும். எனவே சற்று வெளிறிய நிலையிலேயே நிறுத்திவிடலாம். கருஞ்சிவப்புக்கும் கறுப்புக்கும் நிறைய சாயம் தேவைப்படும். கறுப்பு வேண்டுமானால் சாக்லேட் கலந்த மாவிலிருந்து தொடங்கினால் சாயம் குறையும். கேக்கின்மேல் மெல்லிய வெண்ணெய்க் கிரீம் பூசி, மூன்று நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டை மேலிருந்து கீழாகத் தடவிப் படியச் செய்தால், வளைந்த வடிவங்களிலும் மடிப்பு விழாது.

நம் நாட்டுப் பலகாரங்களில் சங்குப்பூவின் நீலமும் பாண்டான் இலையின் பச்சையும் இன்றும் வாழ்கின்றன. மஞ்சளும் பீட்ரூட்டும் எல்லார் வீட்டிலும் உண்டு. இவற்றின் நிறம் மென்மையானதுதான். மென்மையான நிறமும் அழகே என்பதைப் பிள்ளைகளுக்குப் பழக்குவது நம் கடமை.

நிறத்தைக் கண்டு மயங்குவது குழந்தையின் இயல்பு. அதன் உள்ளடக்கத்தை ஆராய்வது பெரியவர்களின் பொறுப்பு. அக்கமும் ஹாசலும் செய்தது அதைத்தான். நாமும் செய்வோம்.