வார்சாவில் இரண்டு நாள்

வார்சா பயணத்துக்கு எக்செல் ஷீட் போட்டபோது முதலில் வெட்டியது பழைய நகரத்தைத்தான். போருக்குப் பிறகு கட்டியது, டூப்ளிகேட்தானே என்று நினைப்பு. அப்புறம்தான் படித்தேன். 1944 எழுச்சி தோற்றதும் நாஜிப் படை தெருத்தெருவாகக் கொளுத்தி, வெடிவைத்துத் தகர்த்தது. பழைய நகரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் அழிந்தது. ஆனால் போருக்கு முன்பே கட்டடக்கலை மாணவர்கள் வீடுவீடாக அளந்து வரைந்திருந்தார்கள். அந்த வரைபடங்களைப் பல்கலைக்கழக ஆட்கள் ஒளித்துக் காப்பாற்றினார்கள். (பேக்அப் எடுக்காத எங்கள் டீம் ஞாபகம் வந்தது.) அவற்றையும் பதினெட்டாம் நூற்றாண்டில் பெல்லோட்டோ தீட்டிய ஓவியங்களையும் பார்த்து, இடிபாட்டில் பொறுக்கிய செங்கலையும் சேர்த்துத்தான் மறுபடி எழுப்பினார்கள். 1980இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததே இந்த மறுகட்டுமானத்துக்காக. அரண்மனை வேலை 1971இல்தான் தொடங்கியது, திறந்தது 1984இல். ஷீட்டை மாற்றிவிட்டேன்: முதல் நாள் முழுக்கப் பழைய நகரம். ஷாப்பிங் போச்சு. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.