ஒருபுறப் பட்டையும் கட்டடக் கலையும்

நீண்டதொரு காகிதப் பட்டையின் முனைகள் இரண்டனையும் நேரே ஒட்டின் வளையமாம். ஒரு முனையை அரைச்சுற்றுத் திருகி ஒட்டினாலோ, அகம் புறம் என்னும் பகுப்பில்லாத ஓர் உருவம் தோன்றும். அதன்மேல் ஊரும் எறும்பு விளிம்பைக் கடவாமலே இருபக்கமும் சென்று புறப்பட்ட இடத்தை அடையும். நடுவே நெடுகக் கத்தரிப்பினும் அஃது இரண்டாகாது, நீண்ட ஒரே வளையமாய் நிற்கும்.

இதனை 1858-ஆம் ஆண்டில் ஜெர்மானியர் இருவர் தனித்தனியே கண்டனர். ஒருவர் லைப்ஸிக் நகரத்து வானநூலார் மோபியஸ். மற்றவர் கோட்டிங்கன் நகரத்து லிஸ்டிங். நீட்டினும் வளைப்பினும் மாறாத உருவியல்புகளை ஆராயும் கணிதப் பகுதிக்கு 'டொபாலஜி' என்னும் பெயரை 1847-இல் நூலேற்றியவரும் இந்த லிஸ்டிங்கே. பட்டையைப் பற்றி 1861-இல் முதற்கண் அச்சிட்டவரும் அவரே. மோபியஸின் கட்டுரை 1865-இல்தான் வெளிவந்தது. ஆயினும் பட்டை மோபியஸின் பெயராலேயே வழங்குகின்றது. முறையை வழக்கு வென்றது போலும்!

இனி, கணிதர்க்கு முன்னரே கைவினைஞர் இதனை அறிந்தனரோ என்பது வினா. இத்தாலியில் சென்டினம் என்னும் பழம்பதியிற் கிடைத்து, இன்று ம்யூனிக் நகரத்துக் காட்சிச்சாலையில் உள்ள ரோமானியத் தரைச்சித்திரம் ஒன்றில், காலத்தெய்வமாகிய அயான் நிற்கும் இராசிவளையம் திருகிய பட்டையாகவே காணப்படுகின்றது. அது கி. பி. மூன்றாம் நூற்றாண்டினதென்பர். வடிவம் அங்குண்டு, அதன் ஒருபுறத் தன்மையை அவ்வினைஞன் உணர்ந்தே அமைத்தான் எனத் துணிதற்கு அச்சித்திரம் ஒன்றே போதாது. 1935-இல் சுவிட்ஸர்லாந்துச் சிற்பி மாக்ஸ் பில் இவ்வுருவைத் தாமே புதிதாகப் படைத்ததாக எண்ணியிருந்து, பின்னரே கணிதர் முன்னமே கண்டதை அறிந்தார்.

ஈண்டு நுணுகி நோக்கற்பாலது ஒன்றுண்டு. கணிதர் கூறும் பட்டைக்குக் கனமில்லை. கல்லிற் செதுக்கிய பட்டைக்கோ கனமுண்டு; அதன் மேற்பரப்பு முழுவதையும் எண்ணின், டொபாலஜி முறையில் அது வளையலின் மேற்பரப்பே. உள்ளே கல், வெளியே காற்று. இவ்வாறு அகமும் புறமும் மீளவும் வந்துவிடுகின்றன. மனையைக் கட்டுவோனுக்கோ இவ்விடர் பின்னும் பெரிது. மழை புகாத மனைக்கு அகம் ஒன்று வேண்டுமன்றோ?

நெதர்லாந்தில் பென் வான் பெர்கெல், கரோலின் போஸ் என்பவர் அமைத்து 1998-இல் முற்றுப்பெற்ற 'மோபியஸ் மனை' இவ்விடரைக் கடந்த வகை வேறு. அவர்கள் எடுத்துக்கொண்டது பட்டையின் பரப்பையன்று, அதன்மேற் செல்லும் வழியையே. அம்மனையிலேயே தொழில் புரியும் இருவரும் தத்தம் வழியிற் சென்று, ஒரு நாட்பொழுதிற் சில இடங்களில் மட்டும் ஒன்றுகூடுமாறு அறைகள் பின்னப்பட்டுள்ளன. சுவர்கள் பிற மனைகளிற் போலவே அகத்தையும் புறத்தையும் பிரித்து நிற்கின்றன.