காகிதம் காத்த இசை

"பாட்டு நெஞ்சில் இருந்தால் போதாதா, ஏட்டில் எதற்கு?" என்பதே இன்று எனக்குத் தரப்பட்ட கேள்வி. போதாது என்பது என் பதில். வரலாற்றில் நடந்த இரண்டு கதைகளைச் சொல்லிவிட்டு, நம் லெம்பா பெர்த்தாமுக்கு வருகிறேன்.

முதல் கதை வியன்னா நகரில் நடந்தது. பிரான்ஸ் ஷூபர்ட் என்ற இசைமேதை 1826 ஜூன் மாதக் கடைசியில், இரண்டே வாரத்துக்குள் ஓர் இசைப்படைப்பை எழுதி முடித்தார். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும் 'நால்வர் இசை' அது. அவ்வகையில் அவர் எழுதிய கடைசிப் படைப்பும் அதுதான். 1828 பிப்ரவரியில் மைன்ஸ் நகரத்து ஷாட் பதிப்பகத்துக்கு, இதை அச்சிடுகிறீர்களா என்று கடிதம் எழுதினார். அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஷூபர்ட் காலமானார். வயது 31தான். அந்த இசை அச்சேறியது 1851இல். இடையில் 23 ஆண்டுகள்! அத்தனை காலமும் அதைக் காத்தது எது? கையால் எழுதிய சில தாள்கள். அவை இல்லாதிருந்தால் அந்த இசையும் அவரோடு அடக்கமாகியிருக்கும்.

இரண்டாவது கதை நம்முடையது. ஷூபர்ட் வாழ்ந்த அதே காலத்தில் வாழ்ந்தவர் முத்துசுவாமி தீட்சிதர். அவர் 1835இல் எட்டயபுரத்தில் மறைந்தார். ஐரோப்பிய வயலினை நம் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர். வாத்தியம் கடல் கடந்து வந்தது. ஆனால் இசையை எழுதிவைக்கும் பழக்கம் அதோடு சேர்ந்து வரவில்லை. கீர்த்தனைகள் சீடர்களின் தொண்டையில்தான் வாழ்ந்தன. ஒரு சீடர் கண்மூடினால், அவருடைய பாடமும் மூடிக்கொண்டது.

இதைக் கண்டு கலங்கியவர் ஏ. எம். சின்னசாமி முதலியார். சென்னையில் அரசுச் செயலகத்தில் பணியாற்றியவர். கிறிஸ்தவர். தியாகராஜரின் சீடர் பரம்பரையினரைப் பாடச் சொல்லி, மேல்நாட்டார் பயன்படுத்தும் ஐந்துகோட்டுக் குறிமுறையில் எழுதி, 1892 முதல் தவணை தவணையாக அச்சிட்டார். கைப்பணம் கரைந்தது. கண்பார்வை மங்கியது. அப்போதும் அவர் ஓயவில்லை. எட்டயபுரம் சென்று, சமஸ்தான வித்துவான் சுப்பராம தீட்சிதரிடம் உள்ள பாடங்களை நூலாக்க வேண்டும் என்று மன்றாடினார். இந்தச் சுப்பராமர், பாலுசுவாமி தீட்சிதரின் மகள் வயிற்றுப் பேரன். அரசர் ஆதரவு தந்தார். 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் இருநூறுக்கும் மேற்பட்ட பாடல்கள் ஸ்வரத்தோடு அதில் பதிவாயின. அதைப் பார்க்க முதலியார் உயிரோடு இல்லை.

"எழுத்தில் கமகம் வருமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஸ்வரத்தை அசைத்துப் பாடும் அந்த நெளிவுசுளிவுக்கென்றே சுப்பராம தீட்சிதர் தனிச் சின்னங்களை வகுத்து, எழுத்துகளின் மேல் இட்டார். அப்போதும் குருவின் இடத்தை நூல் பிடிக்காது. ஆனால் குருவே இல்லாமல் போகும் நாளில், நூல்தான் மிஞ்சும்.

இப்போது லெம்பா பெர்த்தாம். கேமரன் மலையில் 1929இல் தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து, நம் முன்னோர் வெறுங்கையோடு மலை ஏறவில்லை. தாலாட்டும், கும்மியும், ஒப்பாரியும், மாரியம்மன் பாட்டும் அவர்களோடு ஏறின. லயத்து வீடுகளில் அவை தலைமுறை தாண்டி ஒலித்தன. இன்று பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். பாட்டிமார் சிலரிடம் மட்டுமே அந்தப் பாட்டுகள் தங்கியிருக்கின்றன.

கைபேசியில் பதிவு செய்யலாமே என்பீர்கள். செய்யுங்கள். ஆனால் கைபேசி மாறும், தொலையும். ஆகவே சொற்களையும் எழுதுங்கள். இசை தெரிந்த ஆசிரியரைக் கொண்டு மெட்டுக்கு ஸ்வரமும் தாளமும் குறித்து வையுங்கள். யாருடைய பாட்டு, எந்தத் தோட்டம், எந்தச் சடங்கில் பாடியது என்று ஒரு வரி சேருங்கள். ஒரு பிரதியைத் தமிழ்ப்பள்ளி நூலகத்தில் கொடுங்கள்.

ஷூபர்ட்டின் இசை 23 ஆண்டுகள் காத்திருந்தது. ஏனென்றால் அது தாளில் இருந்தது. நம் பாட்டியால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. அடுத்த விடுமுறைக்கு மலைக்குப் போகும்போது, கையில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துச் செல்லுங்கள்.